பங்குனியில் மலைப்பூக்கள் பார்க்க எங்கே போவது: வெள்ளியங்கிரியா, கொல்லிமலையா, மலை ரயிலா, சென்னிமலையா?

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி எழுகிறது: இந்த முறை மலைப்பூக்களைப் பார்க்க எங்கே போவது? ஈரோட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். எழுபதைத் தாண்டிய அம்மாயியும் (அம்மாவின் அம்மா) பத்து வயதுப் பிள்ளைகளும் ஒரே வண்டியில் வருகிறார்கள். வெயில் ஏறிவிடுவதால் பதினோரு மணிக்கு மேல் திறந்த மலைச்சரிவில் நடப்பது எவருக்கும் நல்லதல்ல. இந்த வரம்புகளுக்குள் நின்று, வெள்ளியங்கிரி, கொல்லிமலை, மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில், சென்னிமலை ஆகிய நான்கு வழிகளையும் வெவ்வேறு ஆண்டுகளில் பூக்களுக்காகவே போய்ப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தெளிவை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். இளவேனில் மலைப்பூ என்றதும் பனி உருகிய புல்வெளியில் தரையெங்கும் சிறு பூக்கள் விரிந்த குளிர்நாட்டுக் காட்சி பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கொங்கு நாட்டு மலைகளில் தரை பூப்பது மழைக்குப் பிறகுதான். நம் மாநில மலரான செங்காந்தள் காட்டில் பூப்பதும் ஆவணிக்குப் பிறகு. பங்குனியில் அதன் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கொண்டிருக்கும். பங்குனியில் தரை காய்ந்து, புல் பழுத்து, சருகு மிதிபடும் ஓசை மட்டுமே கேட்கும். அப்போது பூப்பவை மரங்கள்.

இலையுதிர் காட்டு மரங்கள் தண்ணீரைக் காத்துக் கொள்வதற்காக இலைகளை உதிர்த்துவிட்டு, அந்த வெறுங்கிளைகளிலேயே பூக்கின்றன. மறைக்க இலை இல்லாததால் மைனாவும் தேன்சிட்டும் தேனீயும் தொலைவிலிருந்தே பூவைக் கண்டு வருகின்றன. இப்போது பூப்பது சித்திரையிலும் வைகாசியிலும் காயாகி முற்றி, மழைக்கு முந்திய காற்றில் விதை பரவி, பருவமழையின் முதல் ஈரத்தில் முளைக்கிறது. வறண்ட மாதத்தில் மரம் பூப்பதற்கு இப்படி ஒரு கணக்கு உண்டு. எங்கள் அம்மாயி இதை வேறு விதமாகச் சொல்வார்: “பொரசு பூத்துச்சுன்னா கெணத்துத் தண்ணி கீழ போகுதுன்னு அர்த்தம் கண்ணு.”

பூக்கும் வரிசையும் ஏறக்குறைய மாறாதது. முள்ளிலவு தை மாதத்திலேயே தொடங்கி மாசியில் உச்சத்தை அடைந்து பங்குனியில் முடிந்துவிடும். அம்மாயி சொன்ன பொரசாகிய புரசும், கோங்கும் மாசி, பங்குனிக்கு உரியவை. வேம்பும் புங்கும் பங்குனிக் கடைசியில் தொடங்குகின்றன. சரக்கொன்றை சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கவிடும். வெப்பாலையின் வெண்பூ சித்திரை வெயிலில்தான் நன்றாக மணக்கும். ஆகவே ‘வசந்தத்தில் போகிறோம்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. எந்த மரத்துக்காகப் போகிறோம் என்பதை முடிவு செய்தால் தேதி தானாகவே அமைந்துவிடும்.

பூக்கள் மர உச்சியில் இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. சமதளக் காட்டில் நடப்பவர் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதோடு சரி. அறுபது அடி உயரத்தில் பூத்த இலவம்பூவின் அழகு கீழே நிற்பவருக்குக் கிடைக்காது. சரிவான பள்ளத்தாக்கில் பாதை வளைந்து செல்லும்போதுதான், கீழ்வளைவில் நிற்கும் மரத்தின் தலை மேல்வளைவில் நிற்பவரின் கண்ணுக்கு நேராக வருகிறது. இந்த நான்கு இடங்களை ஒப்பிடுவதில் நான் முதலிடம் கொடுக்கும் அளவுகோல் இதுதான். கோடையில் பாதை திறந்திருக்குமா, நம் மண்ணின் மரங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன, முழங்கால் தாங்குமா என்பவை அதற்கு அடுத்தவை.

கோடையில் பாதை திறந்திருக்குமா என்ற கேள்வியே பல நல்ல காடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணுக்கு நேரே வரும் மரத்தலைகள் அழகானவை. ஆனால் அங்கே வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது, யானைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. ஆனைமலையின் டாப்சிலிப்பும் வனத்துறையின் அனுமதியோடு மட்டுமே நடக்கக் கூடிய காடு. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளோடு அரசு தொடங்கிய திட்டமும் காட்டுத்தீக் காலத்தில் நிறுத்தி வைக்கப்படுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிட்டு இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. புரசு பூக்கும் அதே வாரங்களில்தான் சருகு தீப்பிடிக்கிறது. எனவே பங்குனியில் நமக்குத் திறந்திருப்பவை கோயிலுக்குப் போகும் படிப்பாதைகளும் ரயில் பாதையும்தாம்.

வெள்ளியங்கிரியிலிருந்து தொடங்குகிறேன். கொங்கு நாட்டின் மேற்கெல்லையாகப் பழம்பாட்டு சொல்லும் மலை அது. கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகள் ஏறி, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தை அடைய வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை ஏற விடுகிறது. அது நம் பூக்காலத்தோடு பொருந்துகிறது. தாவரங்களின் வகையை மட்டும் பார்த்தால் மற்ற மூன்றும் இதற்கு அருகில் வர முடியாது. அடிவாரத்தில் மூங்கிலும் இலையுதிர் மரங்களும், நடுவில் ஈரக்காடும், மேலே சோலைத் திட்டுகளும் புல்வெளியும் என்று ஒரே நாளில் பல காடுகளைக் கடந்து போகலாம். வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, சீதைவனம் என்று ஒவ்வோர் இடத்திலும் பாதையோர மரங்கள் மாறுவதைக் கவனித்து வருவது உண்மையான கல்வி.

ஆயினும் குடும்பத்தோடு பூப் பார்க்கப் போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். முதன்முறை நானும் அப்படியே ஏறினேன். டார்ச் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் மூங்கில் தடியைத் தவிர வேறெதையும் காணவில்லை. இறங்கும்போது காலை ஒன்பது மணி. கால்கள் நடுங்கியதால் பாதைக்கு மேலே தலை தூக்கவே முடியவில்லை. இரண்டாம் முறை விடியற்காலையில் கிளம்பி மூன்றாம் மலையோடு திரும்பினேன். அன்றுதான் அந்த மலையின் மரங்களைப் பார்த்தேன். முதியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் ஏறக் கூடாது என்று அடிவாரத்தில் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மீறி ஏறி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. சிறுமியரும் வயது முதிர்ந்தவர்களும் தவிர மற்றப் பெண்கள் மலையேறுவதில்லை என்ற வழக்கமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பூக்களின் பெயரை என்னைவிட நன்றாக அறிந்தவர் என் அக்கா என்பதால், அவர் இல்லாமல் போவது எனக்கு அரைப் பயணமாகவே படுகிறது. தனியாகவோ உடல்வலு உள்ள ஆண்கள் சிலராகவோ போகிறவர்கள், விடியலில் ஏறி, எட்டிய மலையோடு திரும்பும் மனத்தோடு போனால் வெள்ளியங்கிரி நிறையவே கொடுக்கும்.

கொல்லிமலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஏறுவதற்குப் பதில் இறங்குகிறோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை வண்டியே ஏறிவிடுகிறது. அறப்பளீசுவரர் கோயிலை அடுத்த இடத்திலிருந்து ஆகாய கங்கை அருவி வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. ஐயாறு பாறையை அறுத்துக் கொண்டு கீழே விழும் குறுகிய பள்ளம் அது. நான் சொன்ன முதல் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கொங்கில் எனக்குத் தெரிந்து வேறில்லை. முதல் நூறு படிகளில் மரங்களின் தலை நம் காலடிக்குக் கீழே இருக்கிறது. அடுத்த சில நூறு படிகளில் அதே தலை கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது. அதற்கும் கீழே போனால் அது நமக்குக் கூரையாகிவிடுகிறது. ஒரே மரத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் அரைமணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கலாம்.

மாசிக் கடைசியில் ஒருமுறை போனபோது, படி திரும்பும் ஓரிடத்தில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் பத்தடி தொலைவில் முள்ளிலவின் உச்சிக்கிளை நின்றது. இலை ஒன்றுகூட இல்லை. கைப்பிடி அளவுச் சிவந்த பூக்கள் தடித்த இதழ்களோடு வானைப் பார்த்துக் கிண்ணம் போல இருந்தன; அந்தக் கிண்ணத்துக்குள் மைனாக்கள் தலையை நுழைத்து எடுத்தபோது நெற்றி முழுவதும் மகரந்தப் பொடி ஒட்டியிருந்தது. அணில் ஒன்று பூவின் அடியைக் கடித்துத் துளைத்துத் தேனை மட்டும் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது. பூ உதிரும்போது இதழ் இதழாகக் கழன்று விழாமல், முழுப்பூவாகத் ‘தொப்’பென்று கீழே பாறையில் விழும் ஓசை பள்ளத்தில் கேட்டது. பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டார்கள். நாற்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்று அருவி வரை போகவே இல்லை, அது குறையாகவும் தோன்றவில்லை.

கீழே போகப் போகக் காற்றில் ஈரம் ஏறுகிறது. காய்ந்த சரிவின் மரங்கள் குறைந்து, இலையுதிராத ஓடையோர மரங்கள் தொடங்குகின்றன. பாறைகளிலும் பழைய மரத்தண்டுகளிலும் ஒட்டி வளரும் பெரணி ஒன்றைக் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். மலைமேல் கடைகளில் சூப்பாக விற்கப்படும் முடவாட்டுக்கால் இதுவே. கிழங்கு என்று நாம் சொல்வது உண்மையில் அதன் தண்டு. ஆட்டுக்கால் போலப் பழுப்பு மயிர் மூடியிருப்பதால் அந்தப் பெயர். இதற்கு இரண்டு வகை இலைகள் உண்டு: நீண்ட பச்சை இலை ஒன்று, தண்டை ஒட்டிப் பழுப்பாகக் காய்ந்து நிற்கும் குட்டை இலை மற்றொன்று. பட்டுப்போன இலை என்று பலரும் எண்ணும் அந்தக் குட்டை இலைதான் உதிர்ந்து விழும் சருகைக் கூடை போலத் தாங்கிப் பிடித்து, மண்ணே இல்லாத பாறையில் செடிக்கு எருவைச் சேர்த்துத் தருகிறது. சூப்பின் புகழ் பரவியதிலிருந்து கடைகளில் இந்தத் தண்டு குவியல் குவியலாகக் கிடப்பதைப் பார்க்கிறேன். தண்டைப் பெயர்த்தால் அந்தச் செடி முழுவதும் போய்விடுகிறது. நான் அதை வாங்குவதில்லை. வருகிறவர்களிடமும் வாங்க வேண்டாம் என்றே கேட்டுக் கொள்கிறேன்.

கொல்லிமலையின் குறைகளையும் சொல்ல வேண்டும். மலையின் மேற்பரப்பில் பெரும்பகுதி காப்பி, மிளகு, பலா, அன்னாசித் தோட்டங்கள். மிளகுக் கொடி படர நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். இயற்கைக் காடு பள்ளத்தாக்கின் சரிவுகளில்தான் மிஞ்சி நிற்கிறது. இறங்குவது எளிது, வெயில் ஏறியபின் ஆயிரம் படி திரும்ப ஏறுவது கடினம். குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறிக்கும். பங்குனிக் கடைசியில் அருவியில் தண்ணீர் மெலிந்துவிடும் என்பதால் குளிக்க வருவோருக்கு அது ஏமாற்றம். பூவுக்காக வருவோருக்குக் கூட்டம் குறைவது நன்மை. இந்த மலையில் யானை இல்லை என்பது பிள்ளைகளோடு நடப்பவருக்குப் பெரிய நிம்மதி.

முழங்கால் தாங்காதவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது மலை ரயில். 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் குன்னூர் வரையிலான பகுதி 1899-லும் ஊட்டி வரையிலான பகுதி 1908-லும் திறக்கப்பட்டன. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லாறு தாண்டியதும் பற்சக்கரத் தண்டவாளத்தில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. அந்த மெதுவான வேகமே நமக்கு வேண்டியது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் கல்லாற்றுப் பள்ளத்தாக்கு. பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்தால் மரத்தலைகள் சன்னலுக்கு நேராகக் கடந்து போகும். அடிவாரத்தின் பாக்குத் தோப்புகள், வறண்ட சரிவின் இலையுதிர் காடு, ஹில்குரோவுக்கு மேல் அடர்ந்த பசுங்காடு என்று உயரத்துக்கேற்பக் காடு மாறுவதை அம்மாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். குன்னூரை நெருங்கும்போது தேயிலைத் தோட்டங்களும் வெளிநாட்டு மரங்களும் வந்துவிடுகின்றன. பூவுக்காகப் போகிறவருக்கு முதல் இரண்டு மணி நேரமே முக்கியம். நினைத்த இடத்தில் நிற்க முடியாது என்பதும், முன்பதிவு கிடைப்பது அரிது என்பதும் இதன் குறைகள். ஒரு பூவின் பெயர் தெரியாமல் திகைக்கும்போது வண்டி அதைக் கடந்து போயிருக்கும்.

சென்னிமலையை நான்காவதாக வைத்தது தரக்குறைவால் அல்ல. பள்ளத்தாக்கு என்று சொல்லத்தக்க ஆழம் அங்கே இல்லை. 1,320 படிகள் ஏறும் குன்று அது. ஆனால் ஈரோட்டுக்காரர் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதால், ஒரே பங்குனியில் மூன்று முறை போய் ஒரே மரத்தின் மொட்டையும் பூவையும் காயையும் பார்க்க முடியும். மற்ற மூன்று இடங்களும் இந்த வாய்ப்பைத் தருவதில்லை. வறண்ட குன்றின் செடிகள் இங்கே: பட்டை தாள் தாளாக உரியும் கிளுவை, வெப்பாலை, ஆவாரை, வேம்பு. அப்படியே காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளையும் பார்த்துவிட்டு வரலாம். கிளுவையை வேலியாக நட்டு, உள்ளே வெள்வேல மரங்களையும் கொழுக்கட்டைப் புல்லையும் விட்டுவைத்து மாடு மேய்க்கும் அந்த மேய்ச்சல் நிலங்கள் நம் மண்ணின் செடிகளை நம் முன்னோரே காத்து வைத்த இடங்கள். காட்டுக்குப் போகாமலே நாட்டு மரங்களைக் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை.

எங்கே போனாலும் ஒன்றில் கவனம் வேண்டும். பாதையோரத்தில் ஆண்டு முழுவதும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து பூத்துக் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டு வரப்பட்டு, இன்று நம் காடுகளின் அடித்தளத்தை மூடி நாட்டுச் செடிகளை முளைக்க விடாமல் செய்கிறது. சாலையோரம் சித்திரையில் சிவந்து நிற்கும் மயில்கொன்றை மடகாஸ்கர் மரம். அவற்றை அழகில்லை என்று சொல்லவில்லை. காட்டுப்பூ என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்றே சொல்கிறேன். உண்மையான நாட்டுப்பூவை அறிய ஒரு புரசம்பூவை உதிர்ந்த இடத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடிக்கிண்ணம் கரும்பச்சை வெல்வெட்டு. இதழ்கள் காவியும் சிவப்பும் கலந்தவை. மேலே படர்ந்த மென்மயிரால் சாய்ந்த வெயிலில் வெள்ளி மினுக்கம் தெரியும். ஓரிதழ் கிளிமூக்காக வளைந்திருக்கும். மணம் இல்லை. வண்டியில் ஓடும்போது ‘காட்டுத் தீ’ என்று தெரிகிற நிறத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

பெயர்களில் குழப்பம் வரும். முருக்கு என்ற பெயர் புரசுக்கும் முள்முருங்கைக்கும் ஊருக்கு ஊர் மாறி வழங்குகிறது. கோங்கு என்றால் பாறைச்சரிவில் இலையற்ற கிளையில் பெரிய மஞ்சள் பூப் பூக்கும் மரம் ஒன்று, உறுதியான தடிமரம் தரும் மற்றொன்று. பூவோடு இலையையும் பட்டையையும் சேர்த்துப் படம் எடுத்து வந்தால் பிறகு சரிபார்த்துக் கொள்ளலாம். கோவை வழியாகப் போகிறவர்கள் வனக்கல்லூரி வளாகத்தில் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால், மலையில் பார்த்த மரத்தின் உள்வெட்டையும் விதையையும் அங்கே காணலாம்.

இனி முடிவு. முழுக்குடும்பமும் நடக்கக் கூடியதாக இருந்தால் கொல்லிமலைதான். மாசிக் கடைசி வாரம் இலவத்துக்காக, அல்லது சித்திரை முதல் வாரம் கொன்றைக்காக. வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, காலை வெயில் ஏறுமுன் படி இறங்கத் தொடங்கி, பாதி தொலைவில் கண்ணுக்கு நேராக மரத்தலை வரும் வளைவில் உட்கார்ந்துவிட வேண்டும்; அருவியைக் கட்டாயமாக்கிக் கொள்ள வேண்டாம். முதியவர் மட்டும் வருவதாக இருந்தால் மலை ரயிலின் கீழ்ப்பாதி. தனியே போகும் வலுவுள்ளவருக்குப் பகல் வெளிச்சத்தில் வெள்ளியங்கிரியின் முதல் மூன்று மலைகள். ஒரு நாள்கூட ஒதுக்க இயலாதவருக்குச் சென்னிமலை. இந்த ஆண்டு அம்மாயியின் முழங்கால் சற்றுத் தேறியிருப்பதால், அவரைக் கோயிலருகே நிழலில் உட்கார வைத்துவிட்டு, அக்காவும் பிள்ளைகளும் நானும் கொல்லிமலைப் படிகளில் முந்நூறு மட்டும் இறங்கித் திரும்புவது என்று தீர்மானித்திருக்கிறோம். உதிர்ந்த பூ ஒன்றை அவருக்குக் கொண்டு வருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.